பழைய வீடும் புதிய அறையும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்து பார் என்று முன்னோர் கூறிவைத்தனர். கட்டிய வீட்டைத் திருத்திப் பார் என்று அவர்கள் கூறவில்லை. கிடுகு வேய்ந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் கூரை மாற்றியவர்கள் எந்தக் கந்தோருக்கும் சென்று விண்ணப்பம் கொடுத்ததில்லை. வேலியை அடைப்பதற்கு மாத்திரமே அயலவரைக் கேட்டனர். இன்று யாழ்ப்பாண நகரில் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட விரும்புபவர், கொத்தனாரை அழைப்பதற்கு முன்னரே மாநகர சபையின் வாயிலை மிதிக்கவேண்டியவராகின்றார்.

இந்த மாற்றத்தின் தொடக்கம் கொழும்பிலே உள்ளது. 1914ஆம் ஆண்டில் அந்நகரிற் கொள்ளைநோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் நோய் எளிதிற் பரவும் என்பதை ஆட்சியாளர் கண்கூடாகக் கண்டனர். அடுத்த ஆண்டிலே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. உள்ளூராட்சிச் சபையின் எல்லைக்குள் எழுத்து மூலம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியன்றி எவரும் கட்டடம் எழுப்புதல் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. நூறாண்டுக்கு மேல் கடந்தும் அச்சட்டம் வழக்கில் உள்ளது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் அதன்மேல் வந்து சேர்ந்துள்ளன.

புதிய வீட்டுக்கு அனுமதி வேண்டும் என்பதை யாவரும் அறிவர். திருத்தத்துக்கும் அனுமதி வேண்டும் என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். சுவருக்கு வெள்ளையடிப்பதற்கோ, உடைந்த ஓட்டை மாற்றுவதற்கோ எவரும் வரைபடம் கேட்கப்போவதில்லை. ஆனால் அறை ஒன்றைச் சேர்த்தல், வடிகாலையோ காற்றோட்டத்தையோ கட்டடத்தின் உறுதியையோ பாதிக்கும் மாற்றங்களைச் செய்தல், குடியிருப்புக்கென அமையாத கொட்டிலை வீடாக்குதல், திறந்த வெளிக்குக் கூரை போடுதல் ஆகியன சட்டத்தின் கண்ணில் கட்டட மாற்றங்களேயாம்.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது யாழ்ப்பாணத்தவருக்கு மிக நெருங்கியது. பழைய நாற்சார் வீட்டின் உயிர்நிலை அதன் நடுமுற்றம். நாற்புறமும் விறாந்தை சூழ, ஓட்டுக் கூரையின் நீர் முற்றத்தில் விழ, வெயிலும் காற்றும் அதன் வழியே அறைகளுக்குச் செல்லும். பிள்ளைகள் பெருகி இடம் போதாத காலத்தில், அல்லது கள்வர் பயத்தினால், அம்முற்றத்தின்மேல் தகரத்தையோ கொங்கிறீற்றுத் தட்டையோ போட்டுவிடுதல் இன்று பரவலான வழக்கம். போட்ட மறுநாளே சுற்றியுள்ள அறைகள் இருளடைகின்றன. பனைமரத் தீராந்திகளில் ஈரம் ஏறுகின்றது. வரைபடத்தைப் பார்வையிடும் உத்தியோகத்தர் அங்கே தடை சொன்னால் அது வீட்டுக்காரருக்கு நன்மையே. ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914, 1915ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1921இல் கொழும்புக்கும் நகரத் திட்டம் வகுத்தார். பழையதை இடித்துத் தள்ளாமல், கெட்ட பகுதியை மாத்திரம் நீக்கிக் காத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. சத்திரவைத்தியர் கத்தியைப் பிடிப்பதுபோல அலவாங்கைப் பிடிக்கவேண்டும் போலும்!

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது? யாழ்ப்பாணப் பட்டினம் 1949ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. அதன் எல்லைக்குள் வாழ்வோருக்கு அச்சபையே இடம். சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய ஊர்களுக்கு நகர சபைகள் உள்ளன. ஏனைய ஊரவர் தத்தம் பிரதேச சபைக்குச் செல்லவேண்டும். விண்ணப்பப் படிவம், தகைமை பெற்றவர் ஒப்பமிட்ட வரைபடத்தின் பிரதிகள், நில அளவையாளரின் படம், உறுதியின் பிரதி, சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டு என்பன பொதுவாகக் கேட்கப்படுவன. காணியின் முன்னுள்ள வீதி பிற்காலத்தில் அகலிக்கப்படவிருந்தால் அதற்குரிய வீதிக்கோடும் பார்க்கப்படும்.

பட்டியல் எளியதாய்த் தோன்றுகின்றது. ஆயினும் குடாநாட்டிலே பெரும்பாலான விண்ணப்பங்கள் இடறிவிழுவது உறுதி என்னும் ஒரே கல்லிலேயாம். பழைய உறுதிகள் காணியைப் பரப்பிலும் குளியிலும் கூறும். கிழக்கில் இன்னார் காணி, தெற்கில் ஒழுங்கை என்று எல்லை சொல்லும். அந்த இன்னாரின் பேரப்பிள்ளைகளே இன்று முதியவர்களாயிருப்பர். பதினெட்டுக் குளி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கைக் கொண்டு அளவையாளர் நிலத்தை அளந்து பார்க்கும்போது, உறுதியிலுள்ள பரப்பும் வேலிக்குள் உள்ள பரப்பும் ஒத்துப்போகாமை அபூர்வமன்று.

பிரிக்கப்படாத பங்கு அதனினும் பெரிய சிக்கல். தாய்வழி வந்த வளவில் நான்கு சகோதரர்க்கு உரிமை உண்டு; ஒருவர் ஊரிலும், ஒருவர் கொழும்பிலும், இருவர் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். ஊரிலிருப்பவர் மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றி, முதுமையுற்ற தாயாருக்குக் குளியலறையோடு கூடிய அறை ஒன்று கட்ட எண்ணுகின்றார். ஏனைய பங்காளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சபை தயங்கும். வெளிநாட்டிலுள்ளவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பவேண்டும். அறை கட்டினால் காணி முழுவதும் அவனுக்கே போய்விடுமோ என்ற ஐயம் கடல் கடந்தும் எழும். சபையின் அனுமதி எவருக்கும் காணியுரிமையைத் தருவதன்று. கட்டடம் விதிப்படி அமையும் என்பதை ஏற்பதேயன்றி வேறில்லை. இதனை உடன்பிறந்தாருக்கு முதலிலே விளக்கிவிட்டால் பாதிப் பிணக்குத் தீரும். மழைக்காலத்தில் தாயார் முற்றத்தைத் தாண்டி வழுக்கி விழுவாரோ என்பதன்றோ அங்கே கேள்வி.

போர் இச்சிக்கலை மேலும் முறுக்கிவிட்டது. 1990இலும் 1995இலும் வீட்டைவிட்டு வெளியேறியோர் பலர் உறுதிப் பெட்டியை எடுத்துச் செல்லவில்லை. எடுத்துச் சென்றோரும் வழியில் இழந்தனர். அவ்வாறு இழந்தோர் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுதல் சட்ட வழக்கம். உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றுள் சிலவற்றையேனும் அறிந்தால், அங்கே தேடி உறுதிப்படுத்திய பிரதி பெற முயலலாம். பழைய உறுதி ஒன்றின் பின்பக்கத்தில் அடுத்த உறுதியின் இலக்கம் குறிக்கப்பட்டிருப்பதும் உண்டு.

இனி நீரைப்பற்றி. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. கிணறு அப்படலத்தையே தொடுகின்றது. அதே வெடிப்புகளின் வழியே மலக்குழியின் நீரும் செல்லும். மணற்பாங்கான ஊரில் நிலம் வடிகட்டித் தரும். சுண்ணக்கல் அவ்வாறு வடிகட்டுவதில்லை. ஆகவே, வீட்டோடு சேர்ந்த குளியலறை கட்டுவோரிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலிற் கேட்பது, கிணறு எங்கே, குழி எங்கே என்பதாகும். தம் கிணற்றோடு அவர் நிறுத்துவதில்லை. வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் கிணறும் கணக்கில் வரும். நான்கு பரப்புக் காணியை நான்கு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்த வளவுகளில் இக்கேள்விக்கு விடைகாண்பது கடினம். அடிப்பக்கம் நன்கு பூசப்பட்ட கழிவுநீர்த் தொட்டியை அமைத்து, ஊறவிடும் குழியைக் கிணறுகளிலிருந்து இயன்ற அளவு தூரத்தில் வைப்பதற்கு வரைபடத்தையே மாற்றவேண்டி நேரலாம். கட்டியபின் மாற்றுவதிலும், தாளில் மாற்றுவது மலிவு.

அனுமதியின்றிக் கட்டுவோர் இல்லாமலில்லை. சபை அறிவித்தல் அனுப்பும். பணியாவிடின் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்குக் கட்டளை பெறவும் வழி உண்டு. அவ்வளவு தூரம் செல்லாத கட்டடங்கள் பல. ஆனால் வங்கியிற் கடன் கேட்கும் நாளிலோ, வீட்டை விற்கும் நாளிலோ, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்கே என்ற வினா எழும். அப்பொழுது பிந்திய அனுமதிக்கு அலைவோர், முந்திய அனுமதிக்குரிய கட்டணத்திலும் கூடுதலாகச் செலுத்துவர்.

அனுமதி கிடைத்தபின் வேலையைத் தொடங்கலாம். காலவரை முடிவதற்குள் வேலை நிறைவேறாவிடின் நீடிப்புக் கேட்கவேண்டும். கழிவுநீர்த் தொட்டியை மூடுமுன் பரிசோதகருக்குக் காட்டிவிடுதல் நலம். மூடியபின் தோண்டிக் காட்டும் நிலை வேண்டாம். வேலை முடிந்ததும், வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்று சபை வழங்கும் சான்றிதழைப் பெறல்வேண்டும். அதன்றிப் புதிய கட்டடத்திற் குடிபுகுதல் சட்டத்துக்கு மாறானது. பால் காய்ச்சும் நாளைச் சோதிடரிடம் கேட்டுவைத்தவர்கள் இதனையும் கணக்கிற் கொள்ளுவாராக. சான்றிதழ் வந்து சிறிது காலத்தில் மற்றோர் உத்தியோகத்தரும் படலையைத் திறந்து வருவார். அவர் புதிய அறையை அளந்து சோலைவரியைத் திருத்துவதற்காக வருபவர்.