விடியும் வரை மரத்திருக்கட்டும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையின் காபித் தோட்டத்தில், ஈரம் காயாத சரிவில் கால் பிசகிக் கணுக்கால் எலும்பு முறிந்தவருக்குத் தகடு வைத்துத் திருகு முடுக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் இந்த வளைவுகளில் இறங்கித்தான் ஆக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டால், அறுவையின்போது வலிக்குமோ என்ற பயம் இன்று வேண்டியதில்லை. காலை மரத்துப்போகச் செய்யும் ஊசி அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த மரப்பு விடும் நேரத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர் வார்டில் சில நாள் இருப்பார். பழைய தகட்டை எடுக்கவோ கால்விரலில் சிறு அறுவைக்கோ வந்தவர் அன்றைக்கே மலையேறிவிடுவார். அவருக்கு, மரப்பு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைவிட எத்தனை மணிக்கு விடுகிறது என்பதே பெரிது.

பாதத்துக்கு உணர்வு தரும் வேலையில் பெரும்பங்கு சியாட்டிக் நரம்பினுடையது. தொடையின் பின்புறமாக இறங்கும் அது, முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. மயக்க மருந்து நிபுணர் அந்த இடத்தை ஸ்கேன் திரையில் பார்த்து, நரம்பைச் சுற்றி பூபிவகைன் அல்லது ரோபிவகைன் மருந்தைச் செலுத்துகிறார். கணுக்காலின் உட்பக்கத்துக்கு வேறொரு நரம்பு போவதால் அதற்குத் தனியாக ஓர் ஊசி. இப்படிப் போட்டால் 12 முதல் 18 மணி நேரம் வரை வலி தெரியாமல் இருக்கலாம். காலை 10 மணிக்குப் போட்ட ஊசி 14 மணி நேரம் நின்றால் நள்ளிரவில் விடும். வலி கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பார்ப்பதில்லை. பலருக்கு ஒரேயடியாக எழுகிறது. டென்மார்க்கில் கணுக்கால் முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 150 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு மொத்தத்தில் வலி குறைவாகவே இருந்தது. ஆனாலும் மரப்பு விட்டதும் கடும்வலி திரும்பியவர்கள் அவர்களில் கணிசமானோர். ஊசியே வேண்டாம் என்று முடிவுகட்ட இது காரணம் ஆகாது. விடும் நேரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்பதற்குத்தான் இது சான்று.

அந்த நேரத்தைத் தள்ளிப்போட மலிவான வழி ஒன்று இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 2017இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நரம்பருகே இதைச் சேர்த்தால் மரப்பு ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நீண்டது. கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அவை பெரும்பாலும் கை அறுவைகளில் நடந்த ஆய்வுகள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், சரியான ஆட்சேபம்தான். ஆனால் பாதத்தின் முன்பகுதியில் அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்விலும் முடிவு அதே திசையில்தான் இருந்தது. நள்ளிரவில் விட வேண்டிய மரப்பு விடிகாலை ஆறு மணிக்கு விடுகிறது என்றால் மலைக்கிராமத்தில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஆட்கள் விழித்திருப்பார்கள், கடை திறக்கும், வண்டி ஓடும். பிற்பகல் மூன்று மணிக்கு ஊசி போட்டவருக்கோ மரப்பு தானாகவே விடியலை நெருங்கிவிடும். ஆகவே மலையிலிருந்து வருபவருக்கு அறுவை நேரத்தைக் குறிப்பதும் வலி மருத்துவத்தில் ஒரு பகுதிதான்.

இதைவிட நீண்ட வழிகளும் உண்டு. நரம்பருகே மெல்லிய குழாயை விட்டுவைத்து, சிறு பம்ப் மூலம் இரண்டு மூன்று நாள் மருந்து செலுத்தலாம். நோயாளி அந்தப் பம்போடு வீட்டுக்கே போகலாம் என்று அமெரிக்காவில் 2002இலேயே காட்டிவிட்டார்கள். வலியை அடக்குவதில் அது மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் குழாய் நழுவினாலோ மருந்து கசிந்தாலோ தொலைபேசியில் வழிசொல்ல ஒருவரும், தேவைப்பட்டால் வந்து பார்க்க ஒருவரும் வேண்டும். நாகலூரைத் தாண்டிய ஒரு குடியிருப்புக்கு இரவில் யார் போவது? கொழுப்புக் குமிழிகளில் அடைத்த பூபிவகைனை முழங்கால் மடிப்பில் போட அமெரிக்கா 2023இல் ஒப்புதல் தந்தது. விலை மிக அதிகம். நரம்பருகே போடும்போது சாதாரண மருந்தைவிட அது மேலானதல்ல என்று 2021இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. சில ரூபாய் மருந்து இருக்கையில் அதற்கு ஏங்க வேண்டியதில்லை.

மரப்பு நீண்டால் ஆபத்தும் நீளுமே என்று எலும்பு மருத்துவர்கள் கேட்பதை அலட்சியம் செய்ய முடியாது. முறிந்த காலில் வீக்கம் இறுகி ரத்த ஓட்டம் நிற்கும் நிலை அரிது. ஆனால் வந்தால் சில மணி நேரத்திலேயே தசை சாகும். அதற்கு முதல் எச்சரிக்கை மருந்துக்கும் அடங்காத வலி. காலோ மரத்துக் கிடக்கிறது. நசுங்கிய காலுக்கும் அந்த அபாயம் உள்ள முறிவுக்கும் நீண்ட மரப்பு கூடாது, வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நியாயம். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு தற்காலிகமாகச் சர்க்கரையை ஏற்றும். நரம்பு ஏற்கெனவே பழுதானவருக்கு மரப்பு இயல்பிலேயே கூடுதல் நேரம் நிற்கக்கூடும் என்பதால், அவருக்கு ஸ்டீராய்டைச் சேர்க்காமலே விடலாம். நரம்பருகே செலுத்துவதற்கு டெக்ஸாமெத்தசோன் முறையான ஒப்புதல் பெற்றதில்லை. ரத்தக்குழாய் வழியே கொடுத்தாலே பெரும்பயன் கிடைப்பதால் அந்தக் கவலையையும் தவிர்க்கலாம். மலைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. காபி அறுவடையும் கடுங்குளிரும் சேர்ந்து வரும் மாதங்களில் அடுப்போரம் கால் காய்வது வழக்கம். மரத்த கால் சூட்டை உணராது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். ஊன்றுகோல் இல்லாமல், கூட ஆள் இல்லாமல் வாசற்படி இறங்கினால் விழுவதும் அப்படித்தான்.

இத்தனையும் செய்தாலும், மரப்பு விட்ட பிறகு எதுவும் இல்லையென்றால் வலியைத் தள்ளிப்போட்டதாகத்தான் ஆகும். பாராசிட்டமாலும், சிறுநீரகமும் வயிறும் இடம்கொடுத்தால் இப்யூபுரூபன் போன்ற ஒன்றும், உணர்வு முழுதாகத் திரும்புவதற்கு முன்பே, விரல்நுனியில் குறுகுறுப்பு தொடங்கும்போதே தொடங்கி, மணிப்படி போட வேண்டும். வலி வந்தபின் தேடுவது தாமதம். டிராமடால் என்ற வலிமருந்து 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், இரவில் ஓடிப்போய் வாங்கும் மருந்து அல்ல அது. வேண்டுமென்றால் மருத்துவர் முன்பே எழுதித் தர வேண்டும். தாங்கிக்கொள்ளட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையில் உழைத்துப் பழகியவர் முனகாமல் படுத்திருப்பார் என்பதற்காக அவருக்கு வலி குறைவு என்று ஆகிவிடாது. ஊசி போட்ட நேரம், மரப்பு விடக்கூடிய நேரம், முதல் மாத்திரைக்கான நேரம், எந்த அறிகுறி கண்டால் 108ஐ அழைப்பது ஆகிய நான்கையும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தமிழில் எழுதித் தருவதற்குப் புதுக் கருவியோ தனி நிதியோ தேவையில்லை. எழுதுவது சேலத்து வார்டின் வேலை. மறுநாள் காலை மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் வீட்டுக்கு வர வாய்ப்பிருந்தால், அந்தச் சீட்டை அவர் கையிலும் கொடுக்கலாம்.