பேறுகாலத் துணை

செட்டியார்பட்டியில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், வீட்டாருக்கு அடுத்தபடியாக அந்தச் செய்தி போய்ச்சேர வேண்டிய ஆள் கிராம சுகாதார செவிலியர். ஊர் வழக்கில் நர்சம்மா. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. கருவுற்றவரைப் பதிவுசெய்வது, எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பிரசவம் எங்கே என்று முன்கூட்டியே வீட்டாரோடு பேசி முடிப்பது, பிள்ளை பிறந்தபின் வீடு தேடி வந்து இருவரையும் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரம், முகவூர் ஊர்களோடு ஒட்டினாற்போல் இருக்கிறது செட்டியார்பட்டி பேரூராட்சி. நைட்டித் தையலும் விசைத்தறியும் இந்தப் பகுதியின் பிழைப்பு. பீஸ் கணக்கில் தைக்கும் பெண்ணுக்கு, பரிசோதனைக்குப் போகும் நாளில் கூலி இல்லை. வாசல் வரை வரும் செவிலியர் இங்கே அவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

நர்சம்மாவுக்கு முன் இந்த இடத்தில் மருத்துவச்சி இருந்தார். முடிதிருத்தும் தொழில் செய்துவந்த மருத்துவர் சமூகத்துப் பெண்களே பெரும்பாலான தமிழகக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேறுகாலம் பார்த்தவர்கள். கூலி தானியமாகவும் சேலையாகவும் வந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டி அழைத்துப்போன வீடுகளே பகலில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தின. அந்தப் பெண்களுக்குத் தமிழ்ச் சமூகம் பட்ட கடன் இன்னும் அடைபடவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தே குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லும் கைப்பழக்கம் அவர்களுக்கு இருந்தது. வலி எத்தனை மணி நேரம் நீண்டாலும் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தார்கள். இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். நடக்கவும் குத்தவைத்து உட்காரவும் விட்டார்கள். ஆனால் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, பேறுகால வலிப்பு, குறுக்கே கிடக்கும் குழந்தை, சுத்தமில்லாத கத்தியால் அறுத்த தொப்புள்கொடி வழியே வரும் இரணஜன்னி ஆகியவற்றின் முன் அந்தக் கைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தாய்மார்களும் பச்சிளங்குழந்தைகளும் செத்தது பல நேரம் இவற்றால்தான்.

முறையாகப் பயின்ற மருத்துவச்சிகளை உருவாக்கும் முயற்சி சென்னையில் தொடங்கியது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. செவிலியர்களையும் மருத்துவச்சிகளையும் பதிவுசெய்வதற்கான சென்னை மாகாணச் சட்டம் 1926-ல் வந்தது. கிராமங்களில் மாற்றம் வெகுகாலம் கழித்தே நிகழ்ந்தது. நிகழ்ந்தபோது ஒரே தலைமுறைக்குள் முடிந்தும்விட்டது. 1998-99 தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழகப் பிரசவங்களில் ஏறத்தாழ 79 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்தது. 2019-21 ஆய்வில் அது 99.6 விழுக்காடு. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்திய சராசரி 97.

கவனிப்பு, பதிவிலிருந்தே தொடங்குகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவுசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரத்தசோகையும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆரம்பத்திலேயே தெரிந்தால்தான் சரிசெய்ய நாள் இருக்கும். சர்க்கரை விஷயத்தில் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா வகுத்த முறையில், கர்ப்பிணி வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. காலையில் சமைத்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு வா, நாளைக்கும் வா என்று அலைக்கழித்தால் பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள். பெண்ணின் நாளை அறிந்து வகுத்த பரிசோதனை என்பதே இதன் பெருமை. 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்யத் தமிழக அரசு உத்தரவிட்டது.

இரத்தசோகையில் அப்படிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2019-21 ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. டப்பாவில் அப்படியே இருக்கிறது. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னார்கள். ‘மாத்திரை சாப்பிடுகிறாயா’ என்று கேட்டுப் பதிவேட்டில் ஒரு டிக் போடுவதால் இது தீராது. சாப்பாட்டுக்குப் பிறகு போடு, காபியோடு போடாதே, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள், குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை என்று மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் மாத்திரையால் தீர்ந்திருக்கக்கூடிய குறை, கடைசி மாதங்களில் இரத்தம் ஏற்றும் நிலைக்குப் போகிறது. 2018 டிசம்பரில் இதே விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்காக இரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய கொடுமை நடந்தது. இரத்த வங்கிகளின் பரிசோதனை பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது, பேச வேண்டியதுதான். இரத்தம் ஏற்றும் தேவையே வராதபடி பார்த்துக்கொள்வது பற்றியும் அதே அளவுக்குப் பேசியிருக்க வேண்டும்.

உணவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவராகி, 1927-ல் சென்னை சட்ட மேலவையில் அமர்ந்தவர் அவர். உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. பணம் தவணை தவணையாக வருகிறது. தவணை தாமதமானால், ஏழாம் மாதமும் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு அந்தத் திட்டம் இருந்தும் பயனில்லை.

இந்த ஊர்ப்பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பேறுகாலத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்ட பெண் செட்டியார்பட்டிக்கு வருகிறாள். செட்டியார்பட்டி மருமகள் சிவகாசிக்குப் போகிறாள். ஆறு மாதமாக அவளை அறிந்த செவிலியர் ஒருவர், பிரசவத்தின்போது பார்ப்பவர் வேறொருவர். தமிழக அரசின் ‘பிக்மி’ பதிவு இந்த இடைவெளியை எண்ணால் நிரப்புகிறது. ஒரு கர்ப்பிணிக்கு ஒரு எண்; அவள் எங்கே போனாலும் அவளுடைய விவரம் கூடவே போகும். உபயோகமான ஏற்பாடு. ஆனால் கணினியில் ஏறாத விஷயங்களும் உண்டு. முன்பு கரு கலைந்த துக்கமும் வீட்டில் குடிக்கும் கணவனும் ஊசி என்றாலே வரும் நடுக்கமும் தெரிந்த ஆளுக்கு மட்டுமே சொல்லப்படுபவை. அங்கிருந்த நர்சம்மா இங்கிருக்கும் நர்சம்மாவுக்குப் போனில் நாலு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். பலர் இதைத் தாமாகவே செய்கிறார்கள்.

கடைசி மாதத்தில் வீட்டாரின் பெரிய கேள்வி, வந்திருப்பது சூட்டு வலியா பிரசவ வலியா என்பது. சீரகக் கஷாயம் வைத்துக்கொடுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். வலி அடங்கினால் சூட்டு வலி. வலி சீரான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்து, அழுத்தம் கூடிக்கொண்டே போனால் அது பிரசவ வலி என்பதே கணக்கு. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கஷாயத்துக்கும் காத்திருக்கக் கூடாது. 2008 செப்டம்பரில் தமிழகத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸ், நடுராத்திரியில் கார் தேடும் அவலத்தைப் பெருமளவு போக்கியது. சிக்கலில்லாத பிரசவங்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்களே பார்க்கிறார்கள். சிக்கலானால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகள். அதற்கும் மேலே 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் மருத்துவக் கல்லூரி. முன்பெல்லாம் மதுரை வரை எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் வாழும் பளியர் குடும்பங்களுக்கு, மலையடிவாரத்திலிருந்து ரோட்டுக்கு வருவதே முதல் தூரம்.

பிரசவத்தில் மிக ஆபத்தான நேரம், குழந்தை பிறந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடும் நேரம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை இறுகி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். அதனால்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து குளிர்ச்சியில் இருந்தால்தான் வீரியம் இருக்கும். பிரிட்ஜ் பழுதான பிரசவ அறையில் போடும் ஊசி, போடாததற்குச் சமமாகிவிடக்கூடும். போகும் இரத்தத்தைக் கண்ணளவில் மதிப்பிடுவதும் பழைய பலவீனம். அளவுக்கோடு போட்ட எளிய பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் வைத்து அளந்து, உடனே சிகிச்சையைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குப் போகும் இந்த வட்டாரத்தில், இப்படியொரு விரிப்பு எந்தப் பிரசவ அறைக்கும் எட்டாத பொருளாக இருக்கக் கூடாது.

உயிரைக் காத்த மருத்துவமனை, கூட இருப்பதைக் குறைத்துவிட்டது. வலியில் கிடக்கும் பெண்ணைச் சுற்றி முகம் தெரியாதவர்கள், கத்தினால் அதட்டல், வலியை விரட்ட டிரிப்ஸ். 1995-ல் தமிழகத்தில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் இவற்றை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். 2004-ல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண்துணை ஒருவர் இருக்க அனுமதி கிடைத்தது. அம்மாவோ அக்காவோ மதினியோ கையைப் பிடித்துக்கொள்வது ஆறுதலோடு நிற்பதில்லை. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியதும், வலி நேரம் குறைந்ததும், அறுவைச் சிகிச்சை குறைந்ததும் தெரிந்தது.

தமிழகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. 2019-21 ஆய்வின்படி இங்கே 44.9 விழுக்காடு பிரசவங்கள் ஆபரேஷனில் முடிந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போவதால் தாய், சேய் மரணம் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. மருத்துவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நல்ல நேரம் குறித்துக் கொண்டுவரும் குடும்பங்கள் உண்டு. வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராததால் பயந்து, ஆபரேஷனே போதும் என்று கேட்கும் பெண்களும் உண்டு. முதல் பிரசவம் ஆபரேஷனானால் அடுத்ததும் பெரும்பாலும் அப்படியே. இதோடு ஆள் குறைவும் சேர்கிறது: ஒரு செவிலியர் நான்கு பேரைப் பார்க்கும் இடத்தில் பொறுமையாகக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை.

இந்தியா 2018-ல் வெளியிட்ட மருத்துவச்சிப் பணி வழிகாட்டுதல் இந்தக் குறையைத்தான் குறிவைக்கிறது. பட்டமோ பட்டயமோ பெற்ற செவிலியருக்குப் பதினெட்டு மாதம் மேற்பயிற்சி கொடுத்து, சிக்கலற்ற பிரசவங்களை முழுப் பொறுப்போடு அவரே நடத்தும் தனிப்பிரிவை மருத்துவமனைக்குள்ளேயே அமைப்பது திட்டம். தேவைப்பட்டால் மருத்துவர் அடுத்த அறையில். தெலங்கானா இதில் முந்திக்கொண்டது. நர்சம்மாவின் வீட்டு வருகையில் நல்ல அடித்தளம் போட்ட தமிழகம் இதில் பின்தங்கக் காரணமே இல்லை.

பிள்ளை பிறந்த முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்று பாதிச் சோறும் குறைந்த தண்ணீரும் கொடுக்கும் வீடுகளில், பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட அதிகம் வேண்டும் என்று எடுத்துச்சொல்வதும் செவிலியர் வேலை. பூண்டுக் குழம்பும் கருவாடும் பிரசவ லேகியமும் அப்படியே இருக்கலாம். அவற்றோடு கீரையும் முட்டையும் சேர வேண்டும். 42 நாள் வரை வீட்டு வருகைகள். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, கால் வீக்கம், தையல் பிரிதல் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். காரணமில்லாமல் அழும் தாய், தூக்கமில்லாத தாய், பிள்ளையைத் தொடவே அஞ்சும் தாய் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. 45-ஆம் நாள் ஊசிக்காகப் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிவரும்போது எடையும் ஊசியும் பிள்ளைக்கு. அந்த வரிசையிலேயே தாயையும் உட்காரவைத்து, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, அடுத்த பிள்ளை எப்போது என்று நீயும் பேசினாயா என்று கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.