நான்ஜிங்கில் கேட்டது, லண்டனில் எழுதியது

சீனாவில் பிறந்து பிரிட்டிஷ் பத்திரிகைகளில் பெயர் வாங்கியவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சீனாவில் வாய்ப்பூட்டு, பிரிட்டனில் சுதந்திரம் என்ற கதை தயாராக இருக்கிறது. எழுத்தாளர் ஷின்ரன் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. 1958இல் பெய்ஜிங்கில் பிறந்த அவர், எண்பதுகளின் இறுதியில் நான்ஜிங் நகரின் அரசு வானொலியில் ‘இரவுக் காற்றில் சொற்கள்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். அவரை எழுத்தாளராக்கிய சரக்கெல்லாம் அங்கே சேர்ந்ததுதான். இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் தொலைபேசியிலும் கடிதத்திலும் தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். கடத்திவந்த சிறுமி ஒருத்தியைக் கிழவர் ஒருவருக்கு மனைவியாக்கி, ஓடிவிடாதபடி இரும்புச் சங்கிலியால் கட்டிவைத்திருக்கிறார்கள், அவள் இடுப்பு புண்ணாகிவிட்டது என்று கிராமத்துச் சிறுவன் ஒருவன் எழுதினான். லண்டனிலிருந்து வந்திறங்கும் நிருபருக்கு அவன் எழுதியிருப்பானா? வானொலி அரசாங்கத்துடையது, சொன்னால் போலீஸ் வரும் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். போலீஸ் வந்தது, சிறுமி மீட்கப்பட்டாள். எந்த நிலையத்தின் அதிகாரம் அந்தக் குரல்களை வரவழைத்ததோ, அதே நிலையத்தின் தணிக்கைதான் அவற்றில் பலவற்றை ஒலிபரப்ப விடவில்லை.

1997இல் லண்டன் வந்தவருக்கு முதலில் கிடைத்தது துப்புரவு வேலை. பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் பாடம் நடத்தினார். 1999 நவம்பரில் ஓர் இரவு வகுப்பு முடிந்து திரும்பும்போது ஒருவன் கைப்பையைப் பறிக்கப் பாய, இவர் விடாமல் போராடினார். பைக்குள் இருந்தது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி. 2002இல் ‘தி குட் விமன் ஆஃப் சைனா’ என்று வெளிவந்து முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது அதுதான். பிறகு கார்டியன் நாளிதழில் பத்தி எழுதினார். பிரிட்டன் அவருக்கு வாசகரைக் கொடுத்தது, அச்சமில்லாத அச்சுக்கூடத்தைக் கொடுத்தது. செய்தி மூலத்தைக் கொடுக்கவில்லை.

பெயர்களை மாற்றி எழுதியிருக்கிறார், எதையும் சரிபார்க்க வழியில்லை என்பார்கள். நியாயமான குறை. அந்தப் புத்தகத்தைப் புள்ளிவிவரமாகப் படிக்கக் கூடாது, வாக்குமூலமாகப் படிக்கலாம். அடையாளம் வெளிப்பட்டால் சொன்னவளுக்குத்தான் ஆபத்து என்கிற இடத்தில், பெயரை மறைப்பது இதழியலின் பழைய கடமை. மேற்கத்திய வாசகரின் இரக்கத்துக்குச் சீனத் துயரத்தை விற்றார் என்ற புகார் இன்னும் கூர்மையானது. முதல் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அதை முழுவதும் மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 2008இல் வந்த ‘சைனா விட்னஸ்’ புத்தகத்துக்காகச் சீனா திரும்பி, முதியவர்களை நேரில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். வெயிலிலும் மழையிலும் தெருவோரம் செருப்பு தைத்தே பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்த தாய் அதில் பேசுகிறாள். இரக்கத்துக்கு ஏங்கும் பேச்சல்ல அது. அதில் பெருமை இருக்கிறது. அதையும் வாங்கிப் படித்தது அதே பிரிட்டிஷ் வாசகர்தான்.