பொன்னில் பொறித்த புகழ்

அரசனை நேரில் கண்ட குடிமக்கள் அந்நாளில் எத்தனை பேர்? பத்திரிகை இல்லை, ரேடியோ இல்லை. ஆனால் அவன் அடித்த காசு ஊர் ஊராய்ச் சென்றது. ‘உங்களை ஆள்பவன் நான்’ என்று வாய் திறவாமலே சொல்லியது.

சோழர் காசைப் பாருங்கள். புலி அமர்ந்திருக்கும். பக்கத்தில் பாண்டியரின் மீன், சேரரின் வில், மேலே குடை. மூன்று நாடும் ஒரு குடைக்கீழ் என்பது எழுத்தறியாதவனுக்கும் விளங்கும்! கங்கைவரை படை செலுத்திய இராஜேந்திரன், ‘கங்கைகொண்ட சோழன்’ என்ற பட்டத்தையே தங்கக் காசில் நாகரி எழுத்தில் பொறித்துவிட்டான்.

விஜயநகர மன்னர் வழி வேறு. அவர்கள் தங்க வராகனில் தெய்வ உருவங்களைப் பொறித்தனர். வேங்கடபதி ராயரின் வராகனில் திருவேங்கடமுடையானே காட்சி தந்தார். அரசன் ஆணைக்கு ஆண்டவன் சாட்சி!

அந்த ராயரின் காலத்தில்தான் டச்சு வணிகர் பழவேற்காட்டுக்கு வந்தனர். இன்றைய கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கிறது அவ்வூர். 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. அங்கிருந்த அக்கசாலையில் அடித்த செப்புக் காசுகளில் டச்சுக் கம்பெனியின் முத்திரை உண்டு. தங்கத்திலோ இந்நாட்டு வராகன் மாதிரியையே பின்பற்றினர்.

1639-இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேயரும் அப்படியே செய்தனர். தங்கள் மன்னனின் முகத்தையா பொறித்தார்கள்? இல்லை. தேவியர் இருவருடன் பெருமாள் நிற்கும் ‘மூன்று சாமி வராகன்’ அடித்தார்கள்.

பக்தியா காரணம்? வியாபாரம்! பழகிய உருவம் இல்லாத பொன்னை நெசவாளியும் காசுக்கடைக்காரரும் எளிதில் நம்பமாட்டார்கள். பீரங்கி வைத்திருந்தவனும் மக்களின் நம்பிக்கைக்குப் பணிய வேண்டியிருந்தது. காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று தமிழில் ஒரே பெயர் வழங்குவது பொருத்தந்தானே? 1818-இல் ரூபாய் வந்தது, வராகன் விடைபெற்றது.

பழங்காசுகளில் எத்தனையோ உருகி வளையலாகவும் சங்கிலியாகவும் மாறிவிட்டன. இப்பகுதியில் வீட்டுக்கும் ஆலைக்கும் கடைக்கால் தோண்டுவோர் நினைவில் கொள்ளட்டும்: பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். உருக்கினால் மிஞ்சுவது சில கிராம் தங்கம். ஒப்படைத்தால் மிஞ்சுவது சரித்திரம்!