நெஞ்சுக்குள் கட்டும் நெறி

"சின்னத் துளை போட்டே முடித்துவிடலாம்" என்று சொன்ன டாக்டர், ஆபரேஷன் முடிந்து வந்து, "மார்பைத் திறந்துதான் செய்ய வேண்டியிருந்தது" என்கிறார். வெளியே காத்திருப்பவர்களுக்குக் கை கால் ஓடாது. ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்று அழுகை வந்துவிடும். பதறாதீர்கள். பல சமயம் காரணம், எப்போதோ நெஞ்சுக்குள் கட்டிய நெறிதான்.

நெஞ்சுக்குள் நெறியா? ஆமாம். குழந்தைக்குக் காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அதே நிணநீர்க் கணுக்கள், மூச்சுக்குழாயும் ரத்தக்குழாயும் நுரையீரலுக்குள் நுழைகிற இடத்திலும் உண்டு. காசநோய்க் கிருமி புகுந்தால் அவை வீங்கும். நோய் தீர்ந்த பிறகு சுருங்கித் தழும்பாகி, சில சமயம் சுண்ணாம்பு படிந்து கல் போலாகி, பக்கத்து ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் தெரியாது. விறகடுப்புப் புகையாலும் கணுக்கள் கறுத்து இறுகுவதுண்டு.

பிற்பாடு புற்றுநோய்க்காகவோ, இருமலில் ரத்தம் வருவதற்காகவோ நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்கும்போதுதான் சங்கடம். அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டும். கல்லில் ஒட்டிய தோசையை வெடுக்கென்று இழுத்தால் பிய்ந்துபோகிறதே! இங்கே பிய்ந்தால் உயிருக்கே ஆபத்து. நாம் சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் நுரையீரல்களுக்குப் பாய்கிறது. அதைக் கொண்டு போகும் குழாயின் சுவரோ மெல்லியது. அதனால்தான் சர்ஜன் மார்பைத் திறந்து, முதலில் மூலக் குழாயை நாடாவால் சுற்றிக் கைவசம் வைத்துக்கொண்டு, பிறகு நெறியைத் தொடுகிறார். இது தோல்வியல்ல, முன்ஜாக்கிரதை.

நாம் செய்யக்கூடியவை:

* பழைய காசநோயை மறைக்காதீர்கள். "கல்யாணத்துக்கு முன்னால் வந்தது, புகுந்த வீட்டுக்குத் தெரியாது" என்று தயங்கும் பெண்கள் உண்டு. டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அதற்கேற்பத் தயாராக இருப்பார்.

* பழைய எக்ஸ்ரே, ஸ்கான், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

* ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால் உடனே செய்யுங்கள்.

* 2 வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் என்றால், வழக்கமாக 6 மாதம் மருந்து. உடம்பு தேறிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

* விறகடுப்பை விட முடியாவிட்டால், புகை வெளியேற வழி வையுங்கள். கைக்குழந்தையை அடுப்படியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊருக்கு மறைத்தாலும் பரவாயில்லை. கத்தி பிடிக்கப் போகிறவரிடம் மட்டும் மறைக்காதீர்கள்!