சாக்கடைக் கசடு எருவாகுமா?

சாக்கடை நீரைச் சுத்திகரித்தபின் தங்கும் கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஆனால் நீரைப் பிழிந்தெடுத்த பிறகும் அதில் நூற்றுக்கு 80 பங்கு ஈரமே இருக்கும். ஒரு டன் கசடை, ஈரம் 20 பங்காகும் வரை உலர்த்தினால் எடை 250 கிலோவாகக் குறையும்; வண்டிக் கூலி மிச்சம். ஜெர்மனியில் பல ஊர்களில் கண்ணாடிக் கூடாரத்தில் கசடைப் பரப்பி, அடிக்கடி கிளறி, சூரிய வெப்பத்தால் உலர்த்துகின்றனர்.

எனினும் உலர்த்துவது மட்டும் போதாது. குடற்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு விதிப்படி, நோய்க்கிருமிகளை ஒழிக்கக் கசடைக் குவித்து மக்கவைக்கும்போது 55 டிகிரி செல்சியஸ் சூடு 15 நாட்கள் நீடிக்க வேண்டும். அதற்குள் 5 முறையாவது புரட்ட வேண்டும்.

காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களோ உலர்த்தினாலும் மக்கவைத்தாலும் அகலா. எனவே இலவசமாகக் கிடைத்தாலும், பரிசோதனை முடிவைப் பார்த்த பின்னரே கசடை வயலில் இட வேண்டும். கீரை, கிழங்கு பயிராகும் நிலத்தில் தவிர்ப்பதே நல்லது.