ஷட்டர் ஸ்பிரிங் உடைந்தால் அவசரப்பட வேண்டாம்

சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு கடைவீதிகளிலும் நம் வணிகர்கள் நாள் தவறாமல் கை வைக்கும் சாதனம் கடையின் ஷட்டர். தராசுக்குக்கூட உரிய காலத்தில் முத்திரை வைத்துக்கொள்கிறோம். ஷட்டரை மட்டும் அது மக்கர் செய்யும் நாள்வரை நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்த நாளும் பெரும்பாலும் கணக்கு முடித்து வீட்டுக்குக் கிளம்பும் இரவு நேரமாகவே அமைகிறது. மேலே 'படார்' என்று ஒரு சத்தம். ஷட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போது நாம் காட்டும் அவசரம்தான் ஆபத்து.

பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள ஷட்டரை எடுத்துக்கொள்வோம். 18 கேஜ் தகடு என்றால் பரப்பை மட்டும் கணக்கிட்டாலே 70 கிலோவுக்கு மேல் வரும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மடிப்பும் அடிச்சட்டமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு குவிண்டால். நான்கு அரிசிச் சிப்பத்தின் எடை! இதைக் கடைப் பையன் ஒரே ஆளாகத் தூக்குகிறான் என்றால், தூக்குவது அவன் அல்ல, ஸ்பிரிங்.

மேலே சுருளுக்குள் ஒரு குழாய் இருக்கிறது. அது சுற்றுவதில்லை, இரு முனைகளிலும் சுவரில் உள்ள பிராக்கெட்டில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். அதன்மேல் இரண்டு, மூன்று ஸ்பிரிங் பெட்டிகள். ஸ்பிரிங்கின் உள்முனை குழாயிலும் வெளிமுனை பெட்டியிலும் மாட்டியிருக்கும். ஷட்டரை இழுக்க இழுக்கப் பெட்டி சுழன்று, பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு திரும்பி வந்து நமக்கு உதவுகிறது. ஷட்டர் முழுவதும் மேலே இருக்கும்போதும் முறுக்கு பூரணமாக இறங்கிவிடுவதில்லை. மாட்டும்போதே மிஸ்திரி சில சுற்று கொடுத்துத்தான் வைத்திருப்பார்.

ஆகவே ஒரு ஸ்பிரிங் உடைந்தால் இரண்டு ஆபத்துகள் ஒன்றாக வருகின்றன. ஒன்று, தாங்குவாரில்லாத எடை. மற்றொன்று, உடையாமல் இருக்கும் ஸ்பிரிங்குகளில் அடைந்து கிடக்கும் முறுக்கு. முதலாவது கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. 'என்னதான் ஆச்சு பார்ப்போம்' என்று ஏணி போட்டு ஏறி, பிராக்கெட் போல்ட்டை யாராவது கழற்றினால் குழாய் ஒரே வீச்சில் சுழலும். குழாயில் மாட்டிய பைப் ரெஞ்ச் கையையோ தாடையையோ உடைத்துவிடும். அந்த வேலை தெரிந்த ஷட்டர் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும், நல்ல வெல்டிங் பட்டறைக்காரராக இருந்தாலும், அந்த போல்ட்டில் கை வைக்கக் கூடாது.

ஷட்டர் மூடிய நிலையில் உடைந்தால் ஒரு வகையில் நல்லது. சரக்கு பத்திரம், மெக்கானிக் வரும்வரை அப்படியே விட்டுவிடலாம். நாலு பேர் சேர்ந்து தூக்கி வியாபாரத்தைத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். அப்படித் தூக்கிய ஷட்டருக்குக் கீழேதான் அன்று முழுதும் வாடிக்கையாளர்கள் வந்து போகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

மேலேயோ பாதியிலோ நின்றுவிட்டால், முதலில் வாசலில் யாரும் நிற்காதபடி தடுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் நின்றுகொண்டு, அடிச்சட்டத்தின் இரு ஓரங்களிலும் உறுதியான மரமோ இரும்புக் குழாயோ முட்டுக் கொடுக்கலாம். மூட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. மூட்டை நசுங்கும், சரியும், அதை நம்புவதற்கில்லை. மோட்டார் ஷட்டர் என்றால் மெயினை அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தால் மோட்டாரும் சேர்ந்து போகும்.

திறந்த கடையை விட்டு எப்படிப் போவது என்ற கவலை நியாயமானதே. திருட்டுக் காப்பீடு எடுத்தவர்களுக்கும், உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் இழப்பீடு என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கல்லாப் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நம்பிக்கையான இருவரைக் காவலுக்குப் படுக்க வைப்பதே வழி. அவர்களும் கடைக்கு உள்தள்ளிப் படுக்கட்டும்; காற்று வருகிறதென்று ஷட்டருக்கு நேர் கீழே பாய் விரிக்க வேண்டாம்.

உடைந்ததை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல்லில் இதை விளக்கத் தேவையில்லை. ஒட்டிய கமான் பட்டை எத்தனை நடை தாங்கும்? சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். அதே இடத்தில் மறுபடி உடையும். புதிதாகத்தான் மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாட்டிய ஸ்பிரிங்குகள் ஒரே அளவு உழைத்தவை என்பதால், ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது செலவானாலும் லாபம். அமெரிக்காவில் வீட்டுக் கார் கொட்டகைக் கதவு ஸ்பிரிங்குகளுக்குச் சாதாரணமாக 10,000 தடவை என்று ஆயுள் சொல்கிறார்கள். மதியமும் அடைத்துத் திறக்கும் கடைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 700 தடவை ஆகிறது. நம் ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு, அதை யாரும் எழுதித் தருவதில்லை, அவ்வளவுதான்.

சீக்கிரம் உடைவதற்கு நாமும் காரணமாகிறோம். பாதுகாப்புக்கென்று அடிச்சட்டத்தில் கூடுதல் பட்டையும் பூட்டுத் தகடும் வெல்டிங் வைத்து எடையைக் கூட்டுகிறோம். ஸ்பிரிங் பழைய எடைக்குப் போட்டதாகவே இருக்கிறது. விளம்பரப் பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி, பட்டைகளின் மடிப்புகள் இறுகிவிடுகின்றன. ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து இழுப்பதும் காலால் மிதித்து இறக்குவதும் தினசரிக் காட்சி. ஐப்பசி மழையில் மேல் பெட்டிக்குள் நீர் இறங்கினால் துரு தானாக வரும்.

முன்னறிவிப்பு இல்லாமலும் உடைவதில்லை. வழக்கத்தைவிட ஷட்டர் கனத்தால், பாதியில் விட்டால் நிற்காமல் இறங்கினால், ஒரு பக்கம் முந்தினால், மேலே கரகரவென்று சத்தம் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. புது ஷட்டர் போடுகிறவர்கள், உலோக ஷட்டர்களுக்கென்றே ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தரக்குறிப்பு இருப்பதைச் சொல்லி, அதன்படி செய்து தரக் கேட்கலாம். ஆயுத பூஜைக்கு எப்படியும் கடையைக் கழுவி, ஷட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின வாரமே மெக்கானிக்கை வரவழைத்து, காடியைத் துடைத்து, ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் வைத்து, பிராக்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மாற்றிய தேதியையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த முறை இரவில் தேட வேண்டியிருக்காது.